ஐம்பத்து மூன்று இன்மேட்டுகளும் ஒரு லிஃப்டும்

அன்புக்கும் மதிப்புக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் இந்த வீட்டு நலத்தில் முக்கால் பங்கு பதினொரு நாளாக உங்கள் வீட்டில் இருப்பதால், மிச்சமுள்ள கால் பங்கு ஏதோ நலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் கண்ணாடிக் கடையில் கூட்டம் குறையாமல் இருக்கும் என்று நம்புகிறேன். போன தடவை நீங்கள் போட்டுக் கொடுத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். எழுத்து தெளிவாகத் தெரிகிறது. எழுதுகிறவன் செய்த கூத்துகளும் அதே அளவுக்குத் தெளிவாகத் தெரிகின்றன.

போனிலேயே பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பேசாமலா இருந்தேன்? நான் கூப்பிட்டால் நீங்கள் எடுத்து, "இருங்க மாப்பிள்ளை, குடுக்கிறேன்" என்கிறீர்கள். ஒரு நிமிடம் டிவி சத்தம் கேட்கிறது. பிறகு நீங்களே திரும்பி வந்து, "தூங்குறா" என்கிறீர்கள். காலை பதினொரு மணிக்கும் தூங்குகிறாள், மாலை ஐந்து மணிக்கும் தூங்குகிறாள். முப்பத்தைந்து வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் பகலில் கண்ணயர்ந்து நான் பார்த்ததே இல்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீங்கள் அவள் காதில் விழும்படி உரக்கப் படித்தால் போதும். அவள் சமையலறையில் இருந்தால் அந்தப் பக்கமாகத் திரும்பி நின்று படியுங்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் லிஃப்ட். எங்கள் கட்டடத்தில் அது நின்று ஐந்து மாதமானது உங்களுக்கே தெரியும், போன தடவை வந்தபோது மூன்றாவது மாடிப் படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டவர் நீங்கள். நாங்கள் இருப்பது நான்காவது மாடி. உங்கள் தங்கையின் வலது முழங்கால் எப்படிப்பட்டது என்பதையும் நான் சொல்ல வேண்டியதில்லை. நானோ முப்பத்து நான்கு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். ஆஸ்பத்திரி, துணிக்கடை, அரசாங்க அலுவலகம் என்று என் கை படாத லிஃப்ட் இந்த ஊரில் குறைவு. மோட்டார் ஓடும் சத்தத்தை வைத்தே எந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். ஆனால் ஓய்வு பெற்ற அன்றே உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், மொட்டைமாடியில் இருக்கும் மோட்டார் அறைக்கோ கட்டடத்தைப் பராமரிக்கும் கம்பெனி தன் பூட்டைத் தொங்கவிட்டிருக்கிறது. ஊரார் பெண்டாட்டிகளையெல்லாம் மேலும் கீழும் பத்திரமாக அனுப்பி வைத்த மனிதன், தன் பெண்டாட்டியைத் தெருவுக்கு இறக்க வழியில்லாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் சாயங்காலமானால் ஜன்னலோரம் நின்று, "எதிர்க் கடையில பலகைக்குப் பச்சைப் பெயின்ட் அடிச்சிருக்காங்க போல" என்பாள். குறை சொல்லமாட்டாள், அவ்வளவுதான் சொல்வாள். அதற்குப் பதில் அவள் என்னைத் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

அதனால்தான் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் பதவிக்கு நின்றேன். வேறு யாரும் நிற்காததால் ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். பதவியேற்ற கையோடு கம்பெனிக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன். மூன்றுக்கும் சேர்த்து ஒரே பதில் வந்தது, தலைமை அலுவலகத்தில் ஆங்கிலத்தில் எழுதினால்தான் படிப்பார்களாம். சரி, லிஃப்டின் வயரிங் படத்தையே படித்தவனுக்கு இது என்ன பிரமாதம் என்று, நூலகத்தின் மாடியில் பெரியவர்களுக்காக நடக்கும் மாலை நேர ஆங்கில வகுப்பில் சேர்ந்தேன். டீச்சர் சின்ன வயதுப் பெண், பகலில் ஒரு டிக்கெட் முன்பதிவு அலுவலகத்தில் வேலை. எனக்கு வலப்பக்கம் ஒரு பேக்கரிக்காரர், இடப்பக்கம் ஒரு டாக்ஸி டிரைவர். நான்காவது வகுப்பில்தான் வினை ஆரம்பமானது.

டீச்சர் கரும்பலகையில் நாலைந்து சொற்களை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினார். எல்லாம் 'மேட்' என்று முடிந்தன. "மேட்னா கூட இருக்கிறவர்," என்றார். "கிளாஸ்மேட், வகுப்புல கூடப் படிக்கிறவர். ரூம்மேட், அறையில கூடத் தங்குறவர். டீம்மேட், அணியில கூட ஆடுறவர். முன்னாடி இருக்கிற வார்த்தைதான் மாறும். பின்னாடி இருக்கிற மேட் அப்படியே இருக்கும். புரிஞ்சுதா?"

புரிந்தது மச்சான், தேவைக்கு மேலேயே புரிந்துவிட்டது. லிஃப்ட் மெக்கானிக்குகளிடம் முக்கோண வாய் கொண்ட ஒரு சாவி இருக்கும். எந்த மாடிக் கதவானாலும் அந்த ஒரு சாவி திறந்துவிடும். ஆங்கிலத்துக்கும் அப்படி ஒரு சாவி என் பாக்கெட்டுக்குள் வந்து விழுந்துவிட்டதாக நினைத்தேன். ஆனால் கதவு திறந்தது என்பதற்காக உள்ளே பெட்டி நிற்கிறது என்று அர்த்தமில்லை, பார்க்காமல் காலை வைத்தால் நேரே குழிதான். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கெல்லாம் முப்பத்து நான்கு வருடம் இதைத்தான் முதல் பாடமாகச் சொன்னேன். எனக்கு நானே சொல்லிக்கொள்ள மட்டும் மறந்துபோனேன்.

மேட் என்று முடியும் பத்துச் சொற்களைப் பொருளோடு எழுதி வரச் சொன்னார் டீச்சர். நான் பதினெட்டு எழுதினேன். அகராதியில் சொல்லை மட்டும் பார்த்துக்கொள்வது, பொருளை நானே கண்டுபிடிப்பது என்று ஒரு முறை வைத்துக்கொண்டேன், கையில் சாவி இருப்பவன் எதற்குக் கதவைத் தட்ட வேண்டும்? 'இன்' என்றால் உள்ளே, ஆகவே இன்மேட் என்றால் வீட்டுக்குள் கூட இருப்பவர். செக்மேட் என்றால் செக் செய்கிற கூட்டாளி. 'கிளைம்ப்' என்றால் ஏறுவது, ஆகவே கிளைமேட் என்பவர் மாடிப்படியில் கூடவே ஏறி வருகிறவர், அந்தக் கணக்கில் எங்கள் கட்டடத்தில் ஐந்து மாதமாக எல்லோருக்கும் எல்லோரும் கிளைமேட். 'எனிமி' என்றால் எதிரி, ஆகவே அனிமேட் என்பவர் கூடவே இருந்து குழி பறிக்கிறவர். கிரிமேட் என்பவர் கிரீமைப் பங்குபோட்டுச் சாப்பிடும் நண்பர். இதைப் பேக்கரிக்காரரே மெச்சி, "நல்ல வார்த்தையா இருக்கே, கடைக்குப் பேரா வைக்கலாம் போல" என்று குறித்துக்கொண்டார். மறுநாள் டீச்சருக்குக் காய்ச்சல். இரண்டு வாரம் வகுப்பு கிடையாது என்று நூலகக் கதவில் எழுதி ஒட்டிவிட்டார்கள். அந்தப் பதினெட்டுச் சொற்களும் திருத்தப்படாமலே என்னோடு ஊருக்குள் திரிய ஆரம்பித்தன.

முதலில் கம்பெனியிலிருந்து ஒரு படிவம் வந்தது, கட்டடத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று செயலாளர் நிரப்பி அனுப்ப வேண்டுமாம். பதினாறு வீட்டுக் கதவையும் தட்டி, தலையை எண்ணி, மொத்தம் ஐம்பத்து மூன்று என்று கண்டுபிடித்தேன். 'இவர்கள் யார்' என்ற கட்டத்தில் சாதாரண ஆளாக இருந்தால் 'குடியிருப்பவர்கள்' என்று எழுதிவிட்டுப் போயிருப்பான். நான் என் சாவியை எடுத்து, இன்மேட்ஸ், ஐம்பத்து மூன்று என்று நல்ல பெரிய எழுத்தில் எழுதினேன். அதோடு விட்டேனா? பிரதான வாசலில் வருகிறவர் போகிறவரை விசாரிக்கும் வாட்ச்மேனுக்குச் சங்கத்தின் சார்பில் ஒரு பேட்ஜ் அடித்துக் கொடுத்தேன். நீல நிறத்தில் வெள்ளை எழுத்து, செக்மேட். அவர் அதைச் சட்டையில் குத்திக்கொண்டு நிமிர்ந்து நின்ற அழகை நீங்கள் பார்க்க வேண்டும். வருகிறவர்கள் அவர் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். "பாருங்க சார், வேலைக்கு ஒரு மரியாதை வந்திருச்சு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பேட்ஜை நான் இன்னும் திரும்பக் கேட்கவில்லை. கேட்க மனம் வரவில்லை.

அடுத்ததாகக் கம்பெனியின் மேனேஜர் குடியிருப்போர் கூட்டத்துக்கு வருவதாகச் சொன்னார்கள். லிஃப்டுக்கு ஒரு வழி பிறந்துவிட்டது என்று எனக்கு இரண்டு நாள் தரையில் கால் பாவவில்லை. அவர் மனம் குளிர ஒரு வரவேற்பு பேனர் வைக்க வேண்டும், அதுவும் ஆங்கிலத்தில் வைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். 'பிரைம்' என்றால் முதன்மை, மேட் என்றால் கூட இருப்பவர், ஆகவே நம் கூட்டாளிகளிலெல்லாம் முதன்மையானவரைப் பிரைமேட் என்று அழைப்பதைவிட வேறென்ன மரியாதை இருக்க முடியும்? 'எங்கள் பிரைமேட்டை வருக வருக என வரவேற்கிறோம்' என்று ஆறடி நீளத்துக்கு ஆங்கிலத்தில் எழுதி வாசலில் கட்டினேன். மேனேஜர் நல்ல ஆகிருதி. கைகளிலும் காதுகளிலும் ரோமம் கொஞ்சம் தாராளம். அதை நான் அன்றுவரை கவனித்ததில்லை. பேனருக்குக் கீழே வந்து நின்றபோது கட்டடமே கவனித்தது.

"யாருய்யா இதை எழுதினது?" என்றார்.

"நான்தான் சார்," என்றேன் பெருமையாக. "உங்களுக்கு வேற எந்த வார்த்தையும் பொருத்தமா தோணலை."

"பிரைமேட்னா குரங்கு இனம்யா!"

ஐந்தாவது மாடியில், அதாவது எங்கள் தலைக்கு நேர் மேலே, ஒரு பல் டாக்டரம்மா குடியிருக்கிறார். நல்ல பெண், எனக்காக இரக்கப்பட்டுப் போனிலேயே அகராதியைத் தேடி, "தலைமைப் பேராயருக்கும் பிரைமேட்னு பேரு இருக்கு சார். அந்த அர்த்தத்துலதான் எழுதியிருப்பார்" என்று குறுக்கே வந்தார்.

"நான் குரங்கும் இல்ல, பேராயரும் இல்ல," என்றார் மேனேஜர். பிறகு பேனரைத் தானே அவிழ்த்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "லிஃப்ட் விஷயத்துல என்ன முடிவோ, அதை ஆபீஸ்ல இருந்து இன்டிமேட் பண்ணுவோம்" என்று சொல்லி வண்டியில் ஏறிவிட்டார். கூட்டத்துக்குக் கீழே இறங்கி வர முடியாத உங்கள் தங்கை ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நான்கு மாடியும் ஏறிப் போனதும், "அவர் ஏங்க நம்ம பேனரை எடுத்துட்டுப் போறார்? பிடிச்சிருச்சோ?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

அவர் போகிற போக்கில் என் கையில் போட்டுவிட்டுப் போன சொல்தான் குடும்பத்தையே பிரித்தது. இன்டிமேட். இதிலும் மேட் இருக்கிறதே என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. இந்தத் தடவை எச்சரிக்கையாக அகராதியில் பொருளையும் பார்த்தேன் மச்சான், அதை நம்புங்கள். தெரியப்படுத்துவது என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே மிகவும் நெருக்கமான என்றும் போட்டிருந்தது. நெருக்கமானவர்களுக்குத் தெரியப்படுத்துவது போலும், எவ்வளவு அழகான சொல் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாரம் பல் டாக்டரம்மாவின் குளியலறைக் குழாயிலிருந்து எங்கள் கூரையில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. பிளம்பரைக் கூட்டிக்கொண்டு செவ்வாய்க்கிழமை வருவதாக அவருக்கு ஒரு சீட்டு எழுத வேண்டியிருந்தது. உதவி செய்த பெண் ஆயிற்றே, வெறுமனே தெரியப்படுத்துகிறேன் என்று எழுதினால் வறட்டுத்தனமாக இருக்கும் என்று, 'பி' என்றும் 'வித்' என்றும் இரண்டு சின்னச் சொற்களை நானாகச் சேர்த்தேன். போல்ட் உரசாமலிருக்க வாஷர் போடுவோமே, அப்படி ஒரு மரியாதைக்கு.

சீட்டை அவர் வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிட்டு நான் பிளம்பரிடம் சொல்லப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் பல் டாக்டரம்மா எங்கள் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருக்கிறார். உங்கள் தங்கை எதிரில் நிற்கிறாள், சிரிக்கவில்லை.

"வாங்க அங்கிள்," என்றார் டாக்டரம்மா. "நாளைக்குப் பத்து மணிக்கு எனக்கு கிளினிக் இருக்கே. வேற நேரம் குடுங்களேன்."

"அவர் என்ன எழுதியிருக்கார்னு எனக்குத் தமிழ்ல சொல்லும்மா," என்றாள் உங்கள் தங்கை.

"விடுங்க ஆன்ட்டி, தெரியாம எழுதிட்டார்."

"தெரியாம என்ன எழுதினார்னுதான் கேட்கிறேன்."

டாக்டரம்மா படித்தார். 'மதிப்பிற்குரிய அம்மையீர், செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, பிளம்பரையும் அழைத்துக்கொண்டு வந்து, தங்களோடு மிக நெருக்கமாக இருக்கப்போகிறேன். தயவுசெய்து கதவைத் திறந்து வைக்கவும். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். தாங்கள் இல்லாவிட்டால் பிளம்பர் மட்டும் வருவார். இப்படிக்கு, சங்கச் செயலாளர்.'

படித்து முடித்ததும் டாக்டரம்மாவுக்கு மறுபடியும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டு மேலே ஓடிவிட்டார். நான் உங்கள் தங்கையிடம், இன்டிமேட் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டென்றும், ஒன்று வினைச்சொல், மற்றது பெயரடை என்றும், வாஷர் போட்ட இடத்தில்தான் தவறு நடந்துவிட்டதென்றும் விளக்கிச் சொன்னேன். சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் உள்ளே போய்ப் பையில் நான்கு புடவையும் தைலப் புட்டியும் வைத்தாள்.

"எங்க கிளம்பிட்டே?"

"அண்ணன் வீட்டுக்கு."

"முழங்காலோட எப்படி இறங்குவே?"

"அதைப் பத்தி இப்பவாவது ஞாபகம் வந்துச்சே," என்றாள். இறங்கியும்விட்டாள் மச்சான். கைப்பிடிக் கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, என்னைப் பையைக்கூடத் தொட விடாமல், நான்கு மாடியும் இறங்கினாள். நான் இரண்டு படி பின்னாலேயே போனேன். வாசலில் வாட்ச்மேன் எழுந்து சல்யூட் அடித்தார். டாக்ஸி கிளம்பியதும் அவரும் நானும் அங்கேயே வெகுநேரம் நின்றோம்.

மறுநாள் வகுப்பு திறந்தது. டீச்சர் என் பதினெட்டுச் சொற்களையும் சிவப்பு மையில் குளிப்பாட்டிக் கொடுத்தார். கிளைமேட் என்றால் தட்பவெப்பமாம். அனிமேட் என்றால் உயிரூட்டுவதாம். செக்மேட் என்றால் சதுரங்கத்தில் ராஜாவுக்கு வழியே இல்லாமல் கட்டிப்போடுவது, அதற்கும் கூட்டாளிக்கும் சம்பந்தமே இல்லையாம். "சார், கடைசியில 'மேட்' இருக்கிறதெல்லாம் மேட் இல்ல சார்," என்றார் பரிதாபமாக. "இந்தக் கிரிமேட் இருக்கே, அது பிணத்தை எரிக்கிறது." பேக்கரிக்காரர் பதறி எழுந்து போன் செய்ய வெளியே ஓடினார், பெயர்ப்பலகை எழுதுகிறவர் ஏணியில் ஏறிவிட்டாராம். நானும் முதல் மாடிப் பெரியவரின் எண்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்து அட்டை வாங்கி வைத்திருந்தேன். அதில் என்ன எழுத இருந்தேன் என்பதை உங்களிடம்கூடச் சொல்லமாட்டேன். கடைசியாக இன்மேட் என்பதைத் தொட்டு டீச்சர், "இது பெரும்பாலும் ஜெயில்ல இருக்கிறவங்களையும் காப்பகத்துல இருக்கிறவங்களையும் சொல்ற வார்த்தை. நல்லவேளை, வீட்டுப்பாடத்துல மட்டும்தானே எழுதினீங்க?" என்றார். அந்தப் படிவம் அதற்குள் கம்பெனிக்கே போய்ச் சேர்ந்திருந்தது.

அதற்கு இரண்டு நாள் கழித்து, அதாவது உங்கள் தங்கை போன மூன்றாம் நாள், நகர அலுவலகத்திலிருந்து ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். கட்டடப் பாதுகாப்புப் பிரிவாம். நான்கு மாடி ஏறி வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கையில் நான் நிரப்பிய அதே படிவத்தின் நகல். என் கையெழுத்தை அவ்வளவு பெரிதாக நான் பார்த்ததே இல்லை. "நீங்கதான் செகரட்டரியா? நான் வந்தது எதுக்குன்னா..." என்று ஆரம்பித்தார். நான் முடிக்கவே விடவில்லை. தண்ணீரைக் கொடுத்து உட்கார வைத்து, இது ஜெயிலும் இல்லை காப்பகமும் இல்லை சார், ஐம்பத்து மூன்று பேரும் மானமாகக் குடும்பம் நடத்துகிறவர்கள், தப்பெல்லாம் என் மேல்தான் என்று ஆரம்பித்து, டீச்சரின் காய்ச்சல் முதல் மேனேஜரின் பேனர் வரை ஒன்று விடாமல் ஒப்புக்கொண்டேன். பல் டாக்டரம்மா விஷயத்தையும் சொன்னேன். அதை ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் சிரித்தாரா இருமினாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. போனை எடுத்து ஏதோ தேடினார். "ஒரே வீட்ல மத்தவங்களோட சேர்ந்து குடியிருக்கிறவர்னும் பழைய அர்த்தம் ஒண்ணு இருக்கு," என்றார். "அதனால நீங்க எழுதினது ஒண்ணும் குற்றம் இல்ல. இப்ப லிஃப்டைக் காட்டுங்க."

காட்டினேன். எங்கே நின்றது, எந்தச் சத்தத்தோடு நின்றது, பிரேக்கின் கம்பிச்சுருள் எரிந்த வாடை எந்த மாடியில் முதலில் வந்தது என்று எல்லாம் தமிழிலேயே சொன்னேன். அவர் குறித்துக்கொண்டு, "அம்பத்து மூணு பேர் இருக்கிற இடத்துல அஞ்சு மாசமா ஓடலைன்னா என்ன அர்த்தம்?" என்று அங்கேயே மேனேஜருக்குப் போன் போட்டார். ஒரு வாரம் கெடு. ஐந்தாம் நாளே இரண்டு மெக்கானிக்குகள் வந்து இறங்கிவிட்டார்கள். எனக்கு மோட்டார் அறைக்குள் நுழைய அனுமதி இல்லாததால் மொட்டைமாடியில் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, சத்தத்தை வைத்தே யோசனை சொன்னேன். முதல் மணி நேரம் அவர்கள் காதில் வாங்கவில்லை. பிறகு அவர்களே வெளியே எட்டிப் பார்த்து, "இப்ப எப்படி இருக்கு சார் சத்தம்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

லிஃப்ட் ஓடுகிறது மச்சான். முன்னைவிட நன்றாக ஓடுகிறது. ஒரு டம்ளர் தண்ணீரைத் தரையில் வைத்து மேலும் கீழும் போய்ப் பார்த்தேன், ஒரு சொட்டு சிந்தவில்லை. ஆங்கிலம் படித்தது வீண் என்று யாரும் சொல்ல முடியாது, இன்மேட் என்று ஒரு சொல்லை நான் தப்பாக எழுதியதால்தானே இன்ஸ்பெக்டர் தேடிக்கொண்டு வந்தார்? ஐந்து மாதமாக ஐம்பத்து மூன்று பேர் கத்தியும் ஆகாததை என் ஒரு தப்பு முடித்துவிட்டது. கட்டடத்தில் இப்போது என் மதிப்பே தனி. ஆனால் அன்று சாயங்காலம் தனியாக அதில் ஏறி நான்காவது மாடிக்கு வந்தபோது கதவு திறந்தது. வெளியே போக மனமில்லாமல் மறுபடியும் கீழே போனேன். மறுபடியும் மேலே வந்தேன். யாருக்காக இத்தனை பாடும் பட்டேனோ, அவள் ஒரு தடவைகூட இன்னும் அதில் ஏறவில்லை.

ஆகையால் மச்சான், நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். பல் டாக்டரம்மாவுக்கு என் மகள் வயது. எனக்கு அவரிடம் ஆக வேண்டியது ஒரு குழாயும் ஒரு கடைவாய்ப் பல்லும்தான். ஆங்கில வகுப்பை வேண்டுமானால் விட்டுவிடுகிறேன், செயலாளர் பதவியையும் விட்டுவிடுகிறேன். அவளை ஞாயிற்றுக்கிழமை அழைத்து வந்து விடுங்கள். நீங்களும் தைரியமாக வாருங்கள், இனி மூன்றாவது மாடியில் உட்கார வேண்டியதில்லை. உங்களுக்கும் அக்காவுக்கும் எந்தக் குறையும் வராமல் இருக்கட்டும். ஊரில் எல்லோருக்கும் கண்பார்வை நன்றாக இருக்கட்டும், ஆனால் உங்கள் வியாபாரம் கெடாத அளவுக்கு இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

என்றும் உங்கள் அன்பு மாறாத
மாப்பிள்ளை
(குடியிருப்போர் சங்கச் செயலாளர், ராஜினாமா யோசனையில்)

பின்குறிப்பு: மேலே எழுதியதை உரக்கப் படிக்க வேண்டாம் மச்சான். முடிந்தால் மனத்துக்குள்ளும் படிக்க வேண்டாம். உறையை ஒட்டப் போகிற நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. உங்கள் தங்கை, கையில் பையோடு. "ஆடாம வருது. நல்லாத்தான் பண்ணியிருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள். மேசைமேல் கிடந்ததை எடுத்து, என் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றித் தன் மூக்கில் மாட்டிக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை படித்தாள். டாக்டரம்மாவின் சீட்டு வரும் இடத்தில் சிரிக்க ஆரம்பித்தவள் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தாள். "அந்தப் பொண்ணுகூட நெருங்கிப் பழகற மூஞ்சியா இது? இதுக்காகவா நான் போனேன்னு நெனச்சீங்க?" என்றாள். வேறு எதற்கு என்று கேட்டேன். உங்களுக்குத் தெரிந்த பதில்தானே? நகர அலுவலகத்துக்குப் போன் செய்யத்தான் போனாளாம். நம்பரைத் தேடி அழுத்திக் கொடுத்தது நீங்களாம். "நாலாவது மாடி, முழங்கால் வலி, அஞ்சு மாசமா லிஃப்ட் ஓடலை, வந்து பாருங்க" என்று தமிழில் சொன்னாளாம். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லையாம். அந்த இன்ஸ்பெக்டர் வந்தது அதற்காகத்தான். படிவத்தை வழியில் கம்பெனியில் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார், அவ்வளவுதான். இதை இங்கிருந்தே செய்திருக்கலாமே என்றேன். "நீங்க பக்கத்துல நின்னு இங்கிலீஷ்ல பேசச் சொல்லுவீங்க" என்றாள். ஆகவே மேலே என் மதிப்பு தனி என்று எழுதியதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

கிழித்துப் போடப் போனேன், விடவில்லை. "யார் போன் பண்ணினதுன்னு அதுலயே எழுதி அனுப்புங்க" என்று எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். அதோடு இன்னொன்றும் சொன்னாள். "என் முழங்காலைப் பத்தி ஊருக்கெல்லாம் லெட்டர் போட்டீங்க. அது எப்படி இருக்குன்னு என்கிட்ட எப்பவாவது கேட்டீங்களா?" யோசித்துப் பார்த்தேன் மச்சான். முதல் மாதம் கேட்டேன். அதற்குப் பிறகு லிஃப்டைப் பற்றித்தான் பேசியிருக்கிறேன்.

இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "வலிக்குது" என்றாள். பிறகு, "ஒட்டி முடிச்சாச்சுன்னா செருப்பை மாட்டுங்க. தபால் பெட்டி வரைக்கும் நானும் வர்றேன்" என்று எழுந்துவிட்டாள். லிஃப்ட் பொத்தானை அழுத்திவிட்டுக் கூப்பிடுகிறாள். இதற்கு மேல் எழுத நேரமில்லை.